இன்ட்ரோவெர்ட் என்றால் யார்? ஜூரிச் ஏரிக்கரையில் இரண்டு வீடுகள் சொல்லும் பதில்!

ஜூரிச் மத்திய ரயில் நிலையத்தில் புறநகர் ரயில் ஏறி, ஏரியின் வலது கரையோரமாகப் போனால் கால் மணி நேரத்தில் குஸ்நாக்ட் வந்துவிடும். மாலை வெயில் நேராக விழும் கரை, பணக்காரர்கள் வசிக்கும் கரை. இரண்டையும் சேர்த்து ‘தங்கக் கரை’ என்று உள்ளூர்க்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் இறங்கி ஏரியை ஒட்டிய சாலையில் நடந்தால், மரங்கள் வரிசை கட்டிய பாதையின் முடிவில் உயரமான வீடு ஒன்று தெரியும். வாசல் கதவுக்கு மேலே கல்லில் லத்தீன் எழுத்துகள். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கடவுள் அங்கே இருப்பார் என்பது அதன் பொருள்.

மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங்கின் வீடு இது. 1909-ல் குடிவந்து, 1961-ல் இறக்கும் வரை இங்கேதான் வாழ்ந்தார். ‘நான் ஒரு இன்ட்ரோவெர்ட்’ என்று இன்று கல்லூரிப் பெண் முதல் ஐ.டி ஊழியர் வரை எல்லோரும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொடுத்தவர் இவர்தான்.

அப்படியென்றால் இது ஆளரவமே இல்லாத வீடாக இருந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஐந்து குழந்தைகள் வளர்ந்த வீடு. பல நாடுகளில் இருந்து நோயாளிகள் தேடி வந்த வீடு. நூலகத்திலேயே உட்கார வைத்து அவர்களிடம் பேசியிருக்கிறார் யுங். 1959-ல் பி.பி.சி தொலைக்காட்சி கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தபோது, 83 வயதில் கொஞ்சமும் தயங்காமல் பேட்டி கொடுத்தார். வெடித்துச் சிரிக்கும் பழக்கம் உள்ளவர் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவரா இன்ட்ரோவெர்ட்? ஆமாம். தன்னை அப்படித்தான் அவர் கருதினார்.

கல்யாண வீட்டில் இரண்டு சகோதரிகள்

நம் ஊரில் அதிகம் பேசாத பிள்ளைக்கு எத்தனை பெயர்கள்! கூச்ச சுபாவம், உம்மணாமூஞ்சி, அழுத்தக்காரி, ‘யாரோடும் ஒட்ட மாட்டான்’. ஒவ்வொரு பெயரிலும் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். விருந்தாளி வந்ததும் அறைக்குள் போய்விடும் பையனை இழுத்து வந்து, ‘அத்தைக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு’ என்று நிற்க வைக்காத வீடு குறைவு. அவன் நெளிவான். ‘எல்லாம் அப்பா மாதிரி’ என்று அதற்கும் ஒரு தீர்ப்பு வரும்.

‘இன்ட்ரோவெர்ட்’ என்ற சொல் வந்த பிறகாவது நிலைமை மாறியதா என்றால், பாதிதான் மாறியது. அந்தப் பக்கம் குற்றச்சாட்டு என்றால் இந்தப் பக்கம் அது சாக்கு. போன் எடுக்காததற்கு, மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகாததற்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லாததற்கு எல்லாவற்றுக்கும் ‘நான் இன்ட்ரோவெர்ட்’.

யுங் சொன்னது இரண்டையும் அல்ல. 1921-ல் ஜூரிச்சில் வெளியான ‘உளவியல் வகைகள்’ என்ற தடித்த ஜெர்மன் புத்தகத்தில் அவர் விளக்கியது, மனதின் ஆற்றல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை. ஒருவருக்கு அது இயல்பாக வெளியே ஓடும்: மனிதர்கள், பொருட்கள், சம்பவங்களை நோக்கி. அவர் எக்ஸ்ட்ரோவெர்ட். இன்னொருவருக்கு அது உள்ளே திரும்பும்: அந்த மனிதர்களும் சம்பவங்களும் தனக்குள் எழுப்பும் எண்ணங்களை நோக்கி. அவர் இன்ட்ரோவெர்ட். எவ்வளவு பேசுகிறார் என்பது இதில் இரண்டாம் பட்சம்.

ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கா, தங்கை இரண்டு பேரும் வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்றார்கள், பந்தி விசாரித்தார்கள், நாத்தனாரின் கேலிக்கு ஈடுகொடுத்துச் சிரித்தார்கள். இரவு வீடு திரும்பியதும் அக்கா சோபாவில் உட்கார்ந்து, யார் என்ன புடவை கட்டினார்கள் என்பதில் இருந்து மறுபடியும் ஆரம்பிக்கிறாள். அவளுக்கு இன்னும் நாலு பேர் வந்தாலும் சம்மதம். தங்கைக்கு விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும். கல்யாணத்தில் இரண்டு பேரையும் பார்த்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. வித்தியாசம் இருப்பது வீட்டுக்கு வந்த பிறகு.

கூச்சம் என்பது வேறு கணக்கு. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அது. கூச்சப்படுபவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் வாயைக் கட்டிவிடும். எக்ஸ்ட்ரோவெர்ட்டுக்கும் கூச்சம் இருக்கலாம். மேடையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்கும் இன்ட்ரோவெர்ட்டுக்குத் துளியும் கூச்சம் இல்லாமல் இருக்கலாம். அதனால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று கூச்சத்துக்குச் சொல்லலாம். இன்ட்ரோவெர்ட்டுக்குச் சொல்ல முடியாது, அங்கே சரியாவதற்கு எதுவும் இல்லை.

இந்தச் சிந்தனை யுங்குக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. குருவைப் போல் மதித்த சிக்மண்ட் ஃபிராய்டுடன் 1913-ல் அவருக்கு உறவு முறிந்தது. அதற்கு முன்பே ஃபிராய்டிடம் இருந்து ஆல்ஃப்ரெட் ஆட்லர் பிரிந்துபோயிருந்தார். ஒரே நோயாளியைப் பார்த்து இரண்டு பெரிய மருத்துவர்கள் நேர் எதிராக விளக்கம் சொல்வது எப்படி என்று யுங் யோசித்தார். ஃபிராய்டின் பார்வை வெளியே உள்ளவர்களுடனான பிணைப்பைத் தேடுகிறது. ஆட்லரின் பார்வை உள்ளே இருக்கும் ‘நான்’ தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைத் தேடுகிறது. நோயாளியைவிட மருத்துவரின் மன அமைப்புதான் விளக்கத்தைத் தீர்மானிக்கிறதோ என்ற கேள்வியில் இருந்துதான் அந்தப் புத்தகமே வளர்ந்தது. இரண்டு பேரில் யார் சரி என்று யுங் அதில் தீர்ப்புச் சொல்லவில்லை.

பின்னாளில் லண்டனில் ஹான்ஸ் ஐசெங்க் இதை மூளையின் கிளர்ச்சி அளவோடு இணைத்து ஆராய்ந்தார். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ் என்ற தாயும் மகளும் யுங்கின் புத்தகத்தை வைத்து நான்கெழுத்துத் தேர்வு ஒன்றை உருவாக்கினார்கள். அலுவலகங்களில் ‘நீங்கள் ஐ-யா, இ-யா?’ என்று கேட்பது அந்த வழியில் வந்ததுதான். யுங்கோ, முழுக்க இன்ட்ரோவெர்ட், முழுக்க எக்ஸ்ட்ரோவெர்ட் என்று யாருமே கிடையாது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் இருந்தால் மனநல மருத்துவமனையில்தான் இருப்பார் என்பது அவர் கருத்து. எல்லோரிடமும் இரண்டும் உண்டு, ஒன்றின் கை ஓங்கியிருக்கும், அவ்வளவே.

சரி, அவர் கை ஓங்கிய பக்கத்துக்கு என்ன செய்தார்? அதைப் பார்க்க ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

மின்சாரம் இல்லாத கோபுரம்

அதே வலது கரையில் ரயில் ராப்பர்ஸ்வில் வரை போகிறது. மேட்டில் ஒரு கோட்டை, அதைச் சுற்றி ரோஜாத் தோட்டங்கள். ஏரி இந்த இடத்தில் இடுப்பு போலக் குறுகுகிறது. நடந்து கடக்க 841 மீட்டர் நீளத்துக்கு மரப்பாலம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பாலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு படகில் திரும்பிவிடுவார்கள். குறுகலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேல் ஏரிக்குக் கூட்டம் அதிகம் வருவதில்லை.

ராப்பர்ஸ்விலில் இருந்து ஷ்மெரிக்கோன் வரை வடகரையை ஒட்டி நடைபாதை உண்டு. நாணல், புல்வெளி, அவ்வப்போது பக்கத்திலேயே கடந்து போகும் ரயில். வழியில் வூர்ம்ஸ்பாக் என்ற கன்னியர் மடம் வரும். 13-ம் நூற்றாண்டில் இருந்து அங்கே பிரார்த்தனை நடக்கிறது. அதைத் தாண்டிப் போனால் போலிங்கன். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே, கூம்புத் தொப்பி வைத்தது மாதிரி கல் கோபுரங்கள் எட்டிப் பார்க்கும்.

1922-ல் யுங் இந்த நிலத்தை வாங்கினார். முதலில் அவர் மனதில் இருந்தது ஆப்பிரிக்கக் குடிசை மாதிரி வட்டமான ஓர் அறை, நடுவில் அடுப்பு, அவ்வளவுதான். அது கொஞ்சம் பெரிதாகி, 1923-ல் இரண்டு தளம் கொண்ட வட்டக் கோபுரமாக முடிந்தது. அவர் அம்மா இறந்த வருடம் அது. பிறகு 1927, 1931, 1935 என்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது. கடைசியாகச் சேர்த்தது ஏரியைப் பார்த்தபடி, வானம் தெரியும் முற்றம்.

மின்சாரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். குழாய்த் தண்ணீரும் கிடையாது, கையால் அடித்துத்தான் எடுக்க வேண்டும். மாலையில் எண்ணெய் விளக்கு. விறகைத் தானே பிளந்தார், தானே சமைத்தார். குஸ்நாக்டில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே டாக்டர் யுங், இங்கே கோடாலியோடு ஒரு கிழவர். வருடத்தில் சில மாதங்களை இப்படிக் கழித்துவிட்டு மறுபடி நோயாளிகளிடம் திரும்பினார்.

இதில் 1931-ல் சேர்ந்த பகுதிக்குத்தான் நமக்கு நேரடியாகச் சம்பந்தம் இருக்கிறது. அது ஒரு தனி அறை. சாவி எப்போதும் யுங்கிடம்தான் இருக்கும். அவர் அனுமதி இல்லாமல் வீட்டார் உட்பட யாரும் உள்ளே போக முடியாது. சுவர்களில் அவரே ஓவியம் தீட்டினார். அந்த அறைக்கான யோசனை எங்கிருந்து வந்தது என்று தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார்: இந்திய வீடுகளில் இருந்து! நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இந்தியக் குடும்பங்களில், ஒரு திரையால் மறைத்த மூலையாவது இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் கால் மணி, அரை மணி நேரம் அங்கே ஒதுங்கித் தியானம் செய்வார்கள். கூட்டமாக வாழும் இடத்தில் அது அவசியம் என்று அவர் கருதினார். இத்தனைக்கும் 1931-ல் அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

நம் வீட்டுச் சாமி அறையை நினைத்துப் பாருங்கள். அறையாக இல்லாவிட்டாலும் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு, அதற்கு ஒரு சின்னத் திரை. காலையில் அம்மா விளக்கேற்றி அதன் முன் கண்மூடி நிற்கும் ஐந்து நிமிடம் மட்டும்தான், ‘என் டிபன் பாக்ஸ் எங்கே?’ என்ற குரல் அடங்கியிருக்கும். சாமி கும்பிடுகிறாள் என்றால் யாரும் தொந்தரவு செய்வதில்லை. ‘எனக்குக் கொஞ்சம் தனியாக இருக்கணும்’ என்று அதே அம்மா சொல்லியிருந்தால், ‘ஏன், என்ன ஆச்சு, யார் என்ன சொன்னா?’ என்று வீடே கூடியிருக்கும்.

யுங்கின் கோபுரத்தை ரொம்பவும் கொண்டாடத் தேவையில்லை என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர் மனைவி எம்மா, ஷாஃப்ஹௌசன் நகரின் கைக்கடிகாரத் தொழிற்சாலை முதலாளியின் மகள். குஸ்நாக்ட் வீட்டைக் கட்ட உதவியது அவர் பிறந்த வீட்டுச் சொத்து. ஐந்து பிள்ளைகளையும் அந்தப் பெரிய வீட்டையும் பார்த்துக்கொண்டது அவர். அவரும் பின்னாளில் மனப்பகுப்பாய்வு செய்பவராக இருந்தார், புனிதக் கிண்ணக் கதைகளைப் பற்றிப் பல வருடம் ஆராய்ச்சி செய்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்த ஆராய்ச்சி முடியவில்லை. பிறகு வேறொருவர்தான் முடித்துக்கொடுத்தார். கோபுரத்தின் சாவி யுங்கிடம், வீட்டுச் சாவிக்கொத்து எம்மாவிடம். ஒதுங்கும் மூலை எல்லோருக்கும் வேண்டியிருக்கலாம். அது யாருக்குக் கிடைக்கிறது என்பது சுபாவத்தை மட்டும் பொறுத்தது இல்லை.

தனி மூலைக்கான ஆசை யுங்குக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பாஸல் பக்கத்தில் பாதிரியாரின் மகனாக வளர்ந்தபோது, சுமார் பத்து வயதில், மர ஸ்கேலின் நுனியில் குட்டி மனிதன் ஒருவனைச் செதுக்கினான் அந்தப் பையன். பென்சில் டப்பாவில் அவனுக்குப் படுக்கை போட்டு, துணைக்கு ஒரு கூழாங்கல்லும் வைத்து, யாரும் ஏறக் கூடாத பரணில் உத்தரத்தின் மேல் ஒளித்து வைத்தான். பள்ளியிலோ வீட்டிலோ மனசு சரியில்லை என்றால் அந்தப் பொம்மையை நினைத்துக்கொள்வான், நிம்மதி வரும். அந்த ரகசியத்தை அவர் பல பத்தாண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. அலமாரி அடியில் தீப்பெட்டிப் படமும் சோழியும் ஒளித்து வைக்கும் பிள்ளை உள்ள வீட்டில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருப்பது உத்தமம்.

திருவண்ணாமலைக்கு வராத விருந்தாளி

கடைசியில் இந்தியாவுக்கும் வந்தார். இந்திய அறிவியல் காங்கிரஸின் வெள்ளி விழாவுக்கு பிரிட்டிஷ் இந்திய அரசு அழைத்ததன் பேரில் 1937 இறுதியில் வந்து, 1938 தொடக்கத்தில் திரும்பினார். பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் கொடுத்தன. விருந்து, சந்திப்பு, ஊர் ஊராகப் பயணம். பயணம் முழுக்கப் படிக்கக் கையில் ஒரு பழைய லத்தீன் ரசவாதப் புத்தகம் வைத்திருந்தார். கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். கொஞ்சம் வயிறு படுத்தினாலும், யாரும் பார்க்க வராத அந்தப் பத்து நாள் பார்த்ததை எல்லாம் அசைபோட உதவியது என்கிறார்.

தென்னிந்தியா வரை வந்தவர் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. மௌனத்தாலேயே உபதேசம் செய்கிறவர் என்று உலகமே தேடிப்போன ரமண மகரிஷி அப்போது அங்கே இருந்தார். யுங் போகாதது மறதியால் இல்லை, வேண்டுமென்றேதான். ஞானிகளிடம் போய் அவர்களின் உண்மையைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தால் அது திருட்டு மாதிரி, தனக்குள் இருந்து எது வருகிறதோ அதுதான் தனக்குச் சொந்தம் என்பது அவர் நியாயம். மகரிஷியைப் பற்றி ஹைன்ரிக் ஸிம்மர் எழுதி 1944-ல் வெளியான ஜெர்மன் புத்தகத்துக்கு முன்னுரை எழுதும்போது இந்த விஷயத்தைத் தானே எடுத்துப் பேசுகிறார். திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததை அதில் நன்றியோடு சொல்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எளிமையான மனிதர், நிறைய பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய குடும்பஸ்தர். உலகத்தை விட்டு ஓடாமல் உள்ளே திரும்பியிருந்த அந்த மனிதரே யுங்குக்குப் போதுமானவராக இருந்தார்.

நமக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அண்ணாமலையாரைப் பார்க்காமலா? ஆனால், கப்பல் பம்பாயில் நின்றபோதும் அவர் கரையில் இறங்கவில்லை. பார்த்ததே மனசு நிரம்பி வழிகிறது என்று கேபினில் லத்தீன் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல்யாண வீட்டுத் தங்கை விளக்கை அணைத்தது ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

தப்பாக வந்த கல்

போலிங்கனில் ஏரிப் பக்கம் ஒரு சதுரக் கல் நிற்கிறது. 1950-ல் தோட்டச் சுவர் எழுப்ப யுங் கல் சொல்லிவிட்டிருந்தார். மூலைக்கு முக்கோணக் கல் வர வேண்டிய இடத்தில், அளவு தப்பிப் பெரிய கனசதுரம் ஒன்று படகில் வந்து இறங்கியது. கொத்தனார் கோபத்தில் திருப்பி அனுப்பச் சொன்னார். யுங் பார்த்ததும், இது என் கல், இது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். எதற்கு என்று அவருக்கே அப்போது தெரியாது. பிறகு உளியை எடுத்து அதன் மூன்று முகங்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுத்துகளைச் செதுக்கினார். அவருக்கு அந்த வருடம் 75 வயது.

1955 நவம்பரில் எம்மா இறந்தார். அதன் பிறகு யுங் கோபுரத்தில் கடைசியாக ஒரு வேலை செய்தார். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் பதுங்கினாற்போல் தாழ்வாக இருந்த பகுதிக்கு மேல் ஒரு மாடி எழுப்பினார். அந்தப் பதுங்கிய பகுதிதான் தான் என்று அவருக்கு அப்போது தோன்றியதாம். 80 வயதுக்கு மேல்தான் அதைக் கொஞ்சம் நிமிர்த்த மனம் வந்தது.

குஸ்நாக்ட் வீட்டின் ஒரு பகுதி இப்போது அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போனால் நூலகத்தையும் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்தறையையும் பார்க்கலாம். போலிங்கன் கோபுரம் யுங் குடும்பத்தாரிடமே இருக்கிறது, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நடைபாதையில் இருந்தோ ஏரியில் படகில் இருந்தோ எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். அவர் கல்லறையைத் தேடி அங்கே போகிறவர்களும் உண்டு. ஆனால், அது குஸ்நாக்டில், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், எம்மாவோடு சேர்ந்த குடும்பக் கல்லறையில் இருக்கிறது.